நகம் படாமல்

"நகம் படக் கூடாது. உள்ளங்கையால மட்டும் தொடணும். அப்பதான் அது பேசும்" என்றார் அவர், கிறங்கிப்போன குரலில். கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில் நின்ற பெண்மணிக்கே கூச்சமாகப் போயிற்று.

அவர் தடவிக்கொண்டிருந்தது அவள் கொண்டுவந்த காரின் சீட்டை. கார்களுக்குத் தோல் சீட் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திமிரும் ஆளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

தோல் என்றால் மனுஷனுக்கு அப்படி ஒரு பித்து. புதுச் சுருளைப் பிரித்ததும் கன்னத்தில் வைத்துக்கொள்வார். ஸ்டியரிங்கை வருடினால் மூச்சே மாறும். கட்டிய மனைவியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பார்.

"ஏ நொட்டாங்கை! மேடத்துக்குத் தண்ணி கொண்டா!"

நொட்டாங்கை என்றது, இடது கைப் பழக்கமுள்ள அந்த மனைவியைத்தான். பட்டறையின் பின்னறையில் உட்கார்ந்து, மெஷின் போக முடியாத இடங்களைக் கையால் தைப்பது அவள் வேலை. தண்ணீரோடு வந்தவள் காரைப் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"அவ கையைப் பாத்தீங்களா மேடம்? ஊசி குத்திக் குத்தி உப்புத்தாளாட்டம் ஆயிடுச்சு. அந்தக் கை பட்டாலே எனக்கு உடம்பு கூசும்" என்று சிரித்தார், உள்ளே நன்றாகக் கேட்கட்டும் என்றே.

பெண்மணி சிரிக்கவில்லை. "சீட்டைத் தொட்டே அதுல யார் உக்காந்தாங்கன்னு சொல்லிடுவீங்களாமே?"

"அக்குவேறு ஆணிவேறா சொல்லுவேன்."

"இது என் வீட்டுக்காரர் வண்டி. என்னை இதுல ஏறவே விடமாட்டேங்கிறார். அவர் வெளியூர் போன நேரமாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அவர் பக்கத்து சீட்டுல உக்கார்றது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வேற ஒருத்தி இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா, இன்னைக்கே பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

அடுத்தவன் வீட்டு விவகாரம் யாருக்குத்தான் கசக்கும்? அவர் ஆசையாசையாகப் பக்கத்து சீட்டுக்குத் தாவினார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓடவிட்டார்.

"பொம்பளதான். ஒல்லி உடம்பு. நேரா உக்காரல, டிரைவர் பக்கமா சாஞ்சே உக்காந்திருக்கா. தொட்டுப் பாருங்க, அந்தப் பக்கம் மட்டும் தோல் வழவழன்னு தேஞ்சிருக்கு."

அவள் தொடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காலை மடக்கி மேல வெச்சுக்கிட்டு, சொந்த வீட்டு சோபா மாதிரி உக்காந்திருக்கா. இது ஒரு நாள் ரெண்டு நாள் பழக்கம் இல்ல மேடம். வருஷக்கணக்கு."

"போதுங்க..."

"அட, முழுசாக் கேளுங்க! இதெல்லாம் வீட்ல ஏறெடுத்துப் பாக்க ஆளில்லாத கேஸு. இவளைக் கட்டினவன் சரியான மரக்கட்டையா இருப்பான். அந்த மடையனுக்கு இன்னைக்கு வரைக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை அவர் சட்டை செய்யவே இல்லை.

சிரித்தபடியே விரல்களைச் சீட்டின் ஓரமாக இறக்கினார். அடிப்பக்கத்தில் தையல் பிரிந்திருந்த இடத்தை யாரோ கையால் இழுத்துத் தைத்திருந்தார்கள். வெளியே தெரியாத, நறுவிசான வேலை. அதன் கடைசியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. எல்லோரும் சுற்றுகிற பக்கம் சுற்றாமல் மறுபக்கமாகச் சுற்றிப் போட்ட முடிச்சு.

அவர் கை நின்றுவிட்டது. இந்த வண்டி இதற்கு முன் அவர் பட்டறைக்கு வந்ததே இல்லை. முடிச்சை இன்னொரு முறை தடவினார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு? என்ன இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா... நூலு."

"மறைக்காதீங்க! யாருன்னு தெரிஞ்சிடுச்சு, இல்ல? உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், சொல்லிடுங்க. ராத்திரி தூங்கியே எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

பின்னறையில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

அவர் காரிலிருந்து இறங்கினார். பெண்மணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னறைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"வெளிய வா. உன்னைத் தேடித்தான் வந்திருக்காங்க."