அடுத்தவன் தறியில் உட்கார்ந்தவன்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் கமலக்கண்ணன். மற்றவர்கள் எல்லாம் அவனுக்கு அப்புறம்தான்.

ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒருத்தன் நெய்துகொண்டிருக்கிற தறியில் இன்னொருத்தன் கேட்காமல் உட்காரக் கூடாது. ஆளுக்கு ஆள் கால் மிதி மாறும், கை அடி மாறும். நாலு அங்குலம் வேறு கை நெய்தாலும் பட்டுப் புடவையில் அது தனியாகத் தெரியும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், களம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். என் தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கமலக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். நீளவாட்டில் ஓடுகிற பாவு இழைகள் ஒரு சாண் அகலத்துக்கு அறுந்து தொங்கின. முகூர்த்தப் புடவை.

"இன்னாடா இது?"

"சும்மா ரெண்டு அடி போட்டுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன் லோகு. பிசிறு வெட்டறப்போ கத்தரி கை தவறிடுச்சு."

"யாரைக் கேட்டுடா உட்கார்ந்தே?"

குனிந்த தலை நிமிராமல் அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எழுந்து வெளியே போடா."

போனான்.

தெரு முழுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் ஒருத்தனும் அவனைத் தன் தறி வீட்டுக்குள் விடவில்லை. தெருவில் பாவு நீட்டும்போது பிடிக்கக்கூட அவனைக் கூப்பிடவில்லை.

ஆனால் காலையில் டீக்கடைக்கு மட்டும் வருவான். நானும் அவனும் வேணுகோபாலும் நாற்பது வருஷமாக உட்காருகிற பெஞ்சு. அவனுக்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வேணுவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"வேணு, தேவிப்ரியா பரிட்சை எப்படி எழுதிச்சாம்? கேளு" என்பான் கமலக்கண்ணன்.

"நல்லா எழுதியிருக்காள்னு சொல்லு வேணு" என்பேன் நான்.

"அடப் போங்கடா! நான் என்ன உங்களுக்கு செல்போன் டவரா? பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துகினு பேஜார் பண்றீங்க."

தேவிப்ரியா என் மருமகள். மகன் ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் நானும் அவளும் பேத்தி மதிவதனியும்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சர்க்கார் வேலைக்குப் படித்தாள். நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு கண்டிப்புதான்.

"படி. ஆனா தறிக்கு ஒரு கெடுதல் வந்துச்சுன்னா, அன்னிக்கே புத்தகத்தை மூட்டை கட்டிடணும்."

வேணு தன் பேத்தி வேலூரில் காலேஜ் சேர்ந்ததைச் சொல்லுவான். நான் மதி சோறு தின்ன அடம் பிடிப்பதைச் சொல்லுவேன். கமலக்கண்ணன் தன் வீட்டுச் சேதிக்கு வாயைத் திறந்தால், டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

போன திங்கட்கிழமை தேவிப்ரியா வெம்பாக்கம் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேரக் கிளம்பினாள். மதியைத் தூக்கிக்கொண்டு நானும் வேணுவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். செய்யாறு பஸ் நின்றிருந்தது. பழக்கடை ஓரமாகக் கமலக்கண்ணனும் நின்றிருந்தான்.

தேவிப்ரியா பஸ்ஸில் ஏறவில்லை. நேராகப் போய், அத்தனை பேர் பார்க்க, அவன் காலில் விழுந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எழுந்திரு! யார் கால்ல விழறேன்னு தெரியுதா?"

"தெரியும் மாமா. இன்னிக்கு சொல்லிடறேன்."

"வேணாம்மா, பஸ் எடுக்கறான். ஜல்தி ஏறு" என்றான் கமலக்கண்ணன்.

அவள் ஏறவில்லை.

"அன்னிக்கு இழையை வெட்டுனது மதி, மாமா. நாலு மணிக்கே எழுந்து படிச்சதுல நான் கண் அசந்துட்டேன். குழந்தை கத்தரியை எடுத்துகினு தறி மேல ஏறிடுச்சு. உங்களைத் தேடி வந்த இந்த மாமாதான் இறக்கி விட்டாரு. தெருமுனையில நீங்க வர்றதைப் பார்த்ததும் அவரே போய் குழியில உட்கார்ந்துட்டாரு. வேலைக்குப் போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

கண்டக்டர் விசில் கொடுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி ஏறினாள். மதி பஸ்ஸுக்கு டாட்டா காட்டிவிட்டு, தூக்கிக்கொள்ளச் சொல்லி கமலக்கண்ணன் பக்கம் கையை நீட்டியது.

வேணு எனக்கும் அவனுக்கும் நடுவில்தான் நின்றிருந்தான். அவனை ஒதுக்கிவிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"நிஜத்தைச் சொல்லியிருந்தா நீ இன்னா செய்திருப்பே?"

எனக்குத் தெரியும்.

"தெருவுல உன் மானமே போச்சேடா."

"போனா போவுது. பாவு பிடிக்கற வேலை மிச்சம். முட்டி வலிக்கு நல்லதுதான்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே வீடு வீடாக ஏறி, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு நான் செய்ய வேண்டியது அது. செய்தாகிவிட்டது.

ஆனால் அவனை நான் விடுவதாக இல்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் அவனுக்குப் பேரன் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டானாம். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போய் வந்திருக்கிறான். ஒன்றையும் அவன் வாயால் நான் கேட்கவில்லை. எல்லாம் அவன் சொன்ன பொய்யால் வந்தது. அவன் ஒன்று விடாமல் எனக்குச் சொல்லியாக வேண்டும் என்று, பெஞ்சில் வேணுவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் ஆகிறது. காசிக் கதையில் அவன் இன்னும் காட்பாடியில் ரயில் ஏறின இடத்திலேயே நிற்கிறான். மீதி காசியும், அந்தப் பேரனும் எனக்கு இன்னும் பாக்கி.