கோட்டைக்கு வெளிப்பக்கம்

"ஏறுங்க அத்தை. சும்மா முரண்டு பிடிக்காதீங்க."

மருமகள் சொன்ன தொனியில் படகுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயாக் படகு வாடகைக்கு விடும் தொழிலில் எத்தனையோ விதமான ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். அறுபது வயது மாமியாரைக் கடலுக்கு இழுத்து வந்த மருமகளை இப்போதுதான் பார்க்கிறார்.

டிக்கெட்டம்மா படகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் படகுக்காரரைப் பார்த்தார். "நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. யாரு கேக்கறா?"

கோட்டை வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர் என்பதால் கடற்கரை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். போன மாதம் ஓய்வு பெற்றார். இனிமேல் வாசல்படி தாண்டாதே, காலை நீட்டி உட்கார் என்று மகன் சொல்லிவிட்டானாம். தங்கமான பிள்ளை. வாய்த்தவள்தான் இப்படி.

ஆனால் டிக்கெட்டம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே, சும்மா உட்கார்ந்து சாப்பிடவா மருமகளைக் கொண்டுவந்தோம் என்று வீட்டை ரெண்டாக்கி, அந்தப் பெண்ணை மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு விரட்டியவர். மகன் பெற்ற தாயோடு கொஞ்ச காலம் பேச்சையே நிறுத்தினான். தெருவே தூற்றியது. இப்போது மருமகள் திருப்பிக் கொடுக்கிறாள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

இருந்தாலும் வயசான மனுஷி. படகுக்காரர் காற்றைச் சொல்லித் தடுத்துப் பார்த்தார்.

"காத்து மத்தியானத்துக்கு மேலதான்னு உங்க பலகையிலயே எழுதியிருக்கே" என்றாள் மருமகள். மாமியாரின் லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கினாள். விரலை விட்டுப் பார்த்து, மறுபடி இறுக்கினாள்.

படகுக்காரர் ஒதுங்கிப் போய் மகனுக்கு போன் போட்டார்.

தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மகன் ஓடி வந்தபோது இருவரும் படகில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் மாமியார், பின்னால் மருமகள்.

"எங்கம்மாவைக் கொல்லப் பாக்கறியா?"

"ஆமா, நான்தான் கூட்டிட்டு வந்தேன்." அவள் துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டாள். "அந்தச் சின்னத் தீவு வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புவோம். திட்டறதை வீட்டுல வந்து திட்டுங்க."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. பல்லு அவங்களுதுதானே?"

படகுக்காரர் இப்படி ஒரு வாயை அந்தக் கரையில் பார்த்ததில்லை. மகன் காலணியோடு தண்ணீரில் இறங்கி, அம்மாவை இறங்கச் சொல்லிக் கெஞ்சினான்.

டிக்கெட்டம்மா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு தலையாட்டினார். "நான் இறங்கினா சண்டை பெருசாகும்டா. போயிட்டு வந்துடறேன். நீ அவளை ஒண்ணும் சொல்லாதே."

அந்தப் பொறுமையில் படகுக்காரரின் மனசு இளகிப்போனது. படகு கிளம்பியது. "அண்ணே, கூடவே போங்க. கண்ணை எடுக்காதீங்க" என்றான் மகன். படகுக்காரர் ஒருவர் மட்டும் உட்காரும் தன் படகில் பின்னாலேயே போனார்.

கோட்டைச் சுவரை ஒட்டி மருமகள் ஒருத்தியாகத்தான் துடுப்புப் போட்டாள். மாமியார் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சுவரின் மூலை திரும்பியது. கரை மறைந்தது.

டிக்கெட்டம்மாவின் முதுகு நிமிர்ந்தது. துடுப்பு தண்ணீரில் இறங்கியது. சிதறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. மருமகள் இழுக்க இவரும் இழுக்க, படகு சீராக விரைந்தது. படகுக்காரரால் கூடவே போக முடியவில்லை. திறந்த வாய் திறந்தபடி துரத்தினார்.

"பரவாயில்லையே அத்தை."

"பின்னே? தினமும் கட்டில்ல உக்காந்து ஒட்டடைக் குச்சியை வச்சுப் பழகினது வீணாப் போயிடுமா?"

கொஞ்சம் தள்ளிப் போனதும் டிக்கெட்டம்மா படகை நிறுத்தச் சொன்னார். திரும்பிக் கோட்டையைப் பார்த்தார். அலைக்கு மேலே, வெயில் பட்டு, மொத்தக் கோட்டையும் நின்றது. அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"வந்தவங்ககிட்டல்லாம் கோட்டையைக் கடல்லேருந்து பாருங்க, அதுதான் அழகுன்னு சொல்லிச் சொல்லியே டிக்கெட் கொடுத்தேன். நான் பாத்ததே இல்லை. அவன்கிட்ட ஆசையாக் கேட்டேன், சிரிச்சுட்டான்."

தண்ணீர்மேல் பேச்சு நன்றாகவே கேட்கும் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

"இன்னைக்கு வீட்டுல எனக்கு நல்ல பூசை இருக்கு அத்தை" என்று சிரித்தாள் மருமகள்.

"வாங்கிக்கடி. வேலைக்குப் போகணும்னு நீ அழுதப்ப, அவன் விடமாட்டான்னு தெரிஞ்சு, நான்தான் விரட்டறேன்னு பழியைத் தலையில போட்டுக்கலையா? இது உன் முறை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த பெரிய தீவைத் துடுப்பால் காட்டினார். "அடுத்த வாரம் அது."

படகுக்காரரின் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. மகன்தான்.

"அண்ணே, அம்மா எப்படி இருக்காங்க?"

படகுக்காரர் முன்னால் பார்த்தார். ரெண்டு துடுப்பும் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"பாவம், கண்ணை இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க தம்பி. எல்லாம் உங்க வீட்டுக்காரி பண்ற அநியாயம். அடுத்த வாரம் பெரிய தீவுக்கு வேற இழுத்துட்டுப் போவாளாம்."