ஏரியைச் சுற்றிய கார்

“நாலே மாசத்துல முக்கால்வாசியை ஓட்டித் தீர்த்திருக்கா! யாரை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தறான்னு கேளு உன் செல்ல மகளை!”

மாஸ்டர் கைபேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டுகிற மனிதர். கோபம் அவருக்கு மூக்கு நுனியில்தான் குடியிருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் செய்தி அது. இந்த வருடத்துக்கான கிலோமீட்டரில் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டதாம். அளவைத் தாண்டினால் முழுக் கட்டணமாம்.

முழுக் கட்டணம் என்றால் என்னவென்று மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். மகளுக்கு இருபது வயது. லைசென்ஸ் கைக்கு வந்த சூடு ஆறவில்லை. காரோ, சித்தப்பா கழித்துக்கட்டிய பழைய கார். எந்தக் கம்பெனியில் கேட்டாலும், அவள் நாளைக்கே போய் எதிலாவது முட்டப்போகிறாள் என்பது போலத்தான் விலை சொன்னார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

கடைசியில் ஏஜென்ட் தம்பிதான் அலைந்து திரிந்து ஒரு வழி கண்டுபிடித்தான். காருக்குள் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. எங்கே போகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். குறைவாக ஓட்டினால் குறைவான கட்டணம்.

அந்தக் கார் இருந்தால்தான் பஸ் போகாத கண் ஆஸ்பத்திரிக்கு அவள் வேலைக்குப் போக முடியும். கார் போனால் வேலையும் போச்சு.

“என்னடி, அப்பா கேக்கறார்ல?”

“வேலைக்குத்தான்மா போறேன், வர்றேன்” என்றாள் மகள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பொய்! கிளம்பு. ஏஜென்ட் கிட்டயே போவோம். பெட்டி பொய் சொல்லாது.”

ஏஜென்ட் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான்.

“வண்டியைப் பூ மாதிரி ஓட்டுது அண்ணே தங்கச்சி. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா, தினமும் காலைல பாருங்க… ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு. மறுபடி ஒரு ரவுண்டு. சில நாள் மூணு.”

“பாத்தியா! கையும் களவுமா மாட்டிக்கிட்டா! ஏரிக்கரைல யாரு காத்திருக்கா?”

“எங்கயும் நிக்கவே இல்லையே அண்ணே. ஆமை வேகத்துல சுத்திட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் சுத்தல.”

“எப்படிச் சுத்துவா? அன்னைக்கு எனக்கு லீவு. நான் வீட்ல இருக்கேன்ல, அந்த பயம்!”

மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சரி, காலைல எங்கேர்ந்து கிளம்புது? அதைச் சொல்லு தம்பி.”

ஏஜென்ட் திரையை உற்றுப் பார்த்தான். “உங்க பேக்கரி வாசல்லேர்ந்து அண்ணே.”

மாஸ்டர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் பேக்கரி வாசலில் வந்து அவரை ஏற்றிக்கொள்வது மகள்தான்.

“அந்த நேரத்துல… வண்டில நான்ல இருக்கேன்? நான் ஒரு நாளும் ஏரியைப் பாக்கலையே!”

“எங்க பாப்பீங்க? முதல் சிக்னல் தாண்டறதுக்குள்ள குறட்டை” என்றாள் மகள்.

“அதுக்கு?”

“வண்டி நின்னா முழிச்சுக்கறீங்கப்பா. வீட்டுக்குப் போனா கீழ பட்டறைல இரும்பு அறுக்க ஆரம்பிச்சிடறாங்க. சாயங்காலம் வரைக்கும் பொட்டுத் தூக்கம் கிடையாது. அப்புறம் மறுபடி அடுப்பு. ஓடற வண்டில மட்டும்தான் நீங்க தூங்கறீங்க.”

“வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னா முழிச்சுக்கிட்டே வருவீங்க.”

காலையிலிருந்து அவளைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து மாஸ்டர் மேலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றினார்.

“இனிமே சுத்தாம ஓட்டினா இந்த வருஷம் தாங்கிடும் அண்ணே” என்றான் ஏஜென்ட், மெதுவாக.

மறுநாள் காலை காரில் ஏறியதுமே மாஸ்டர் உத்தரவு போட்டார்.

“நேரா வீட்டுக்கு விடு. இனிமே நான் வீட்லயே தூங்கிக்கறேன். இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், பாரு.”

சொன்னபடியே வீட்டுக்கு வந்ததும் நேராக அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். கீழே பட்டறையில் இரும்பு வீறிட்டது. உள்ளே குறட்டை கிளம்பியது.

“பாரேன், இந்தச் சத்தத்துலயும் எப்படி அசந்து தூங்கறார்!” என்று அதிசயப்பட்டாள் அம்மா.

கார் சாவியோடு வேலைக்குக் கிளம்பிய மகள், கதவருகே நின்று காது கொடுத்துக் கேட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“இது பொய்க் குறட்டைம்மா. நிஜக் குறட்டைன்னா நடுவுல ஒரு விசில் வரும்.”

உள்ளேயிருந்து, அடுத்த குறட்டையில் விசிலும் சேர்ந்து வந்தது.