நாலு நிமிஷம்

கண் விழித்ததும் பக்கிரிசாமிக்கு முதலில் தெரிந்தது ஒரு கைக்கடிகாரம். அதைக் கட்டியிருந்த கிளிஃபர்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு நிமிஷம்ண்ணே," என்றான். "ஒடனே எந்திரிக்காதீங்க."

தொழிற்சாலையின் லாக்கர் அறையில் வேறு ஆள் இல்லை. கதவை உள்ளே தாழ் போட்டிருந்தான். பக்கிரிசாமி ஒருக்களித்துக் கிடந்தார். வாயோரம் ஈரமாக இருந்தது. கடிபட்ட நாக்கு எரிந்தது.

மூன்று வருடமாக வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த வலிப்பு. கடைசியில் இவன் கண்ணிலா பட வேண்டும்?

"வேற யாரும் பார்க்கலண்ணே," என்றான் கிளிஃபர்ட்.

அந்த 'வேற'யைக் கேட்டதும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை, சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில், நடந்ததைக் கேட்டதும் அவர் மனைவி சாந்தினி முதலில் கேட்டது இதைத்தான். "கையில சாவிக்கொத்து வச்சானா?"

"இல்ல."

"ஒரு துண்டு இரும்பு கூடவா கெடைக்கல? கைகால அழுத்திப் புடிச்சானா?"

"புடிச்ச மாதிரி தெரியல. மணி பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான்."

"நீங்க கெடந்து துடிக்கிறீங்க, அவன் மணி பார்க்கிறானா? மனுசனா அவன்?" சாந்தினியின் குரல் தணிந்தது. "லைன் லீடர் வேலைக்கு உங்க ரெண்டு பேரு பேருதானே மேல போயிருக்கு? சொல்லாமயா விடுவான்?"

சொன்னால் அந்தப் பதவி மட்டுமா போகும்? வலிப்புக்காரனை பிரெஸ் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். எம்.சி. என்று ஒரு நாள் மருத்துவ விடுப்பு கூட எடுக்காமல் பதினோரு வருடம் அவர் நின்ற இடம் அது.

மறுநாள் காலை, ஜெலுத்தோங் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் நின்றது. வழக்கமாக டிரைவர் பக்கத்தில் உட்காரும் கிளிஃபர்ட், பின்னால் வந்து பக்கிரிசாமியை ஒட்டி உட்கார்ந்தான்.

"ராத்திரி நல்லா தூங்குனீங்களாண்ணே?"

"ஏன்?"

"சும்மாதான்."

பின் இருக்கையிலிருந்து பேக்கிங் பிரிவு குணவதி சிரித்தாள். "என்னாண்ணே, ஒட்டிக்கிட்டே வர்றான்? பொண்ணு கேக்கப் போறானா?"

"கேட்டாலும் அண்ணன் குடுக்க மாட்டாருலா," என்றான் கிளிஃபர்ட். பஸ்ஸே சிரித்தது. பாலத்தைத் தாண்டி, தொழிற்சாலை இருக்கும் புக்கிட் தெங்கா வரும்வரை பக்கிரிசாமி ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

அதோடு முடியவில்லை. கிளிஃபர்ட் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த மெஷினுக்கே வந்துவிட்டான். இரண்டு மெஷினுக்கும் நடுவிலிருந்த, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எப்போதும் அவன் ஒரு கை இருந்தது. ஒரு தடுமாற்றம் தெரிந்தால் போதும், மெஷினை நிறுத்தி ஊரைக் கூட்டிவிடுவான் என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது.

கழிவறைக்குப் போனால் பின்னால் காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவர் வெளியே வரும்போது கிளிஃபர்ட் கைகழுவுவது போல நின்றுகொண்டிருந்தான்.

"என்னாடா வேணும் உனக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே." யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டான். "சாவகாசமா ஒரு நாளு பேசுவோம்."

எதைப் பேச? என்ன விலை கேட்கப் போகிறான்? தினமும் காலையில் அதே கேள்வி, "தூங்குனீங்களாண்ணே?" பக்கிரிசாமிக்கு நிஜமாகவே தூக்கம் போய்விட்டது.

ஆறாம் நாள் மதியம், ஸ்டோருக்குப் பின்னால் கிளிஃபர்ட் தனியாக நிற்பதைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினான்.

என்ன மாத்திரையோ, பக்கிரிசாமிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் படவில்லை. அவன் வாய் திறக்குமுன் நாம் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"சார், கிளிஃபர்ட் ஒளிஞ்சு ஒளிஞ்சு மாத்திர போடுறான்," என்றார் சூப்பர்வைசர் கார்த்திகேசுவிடம். "ஆளே சரியில்ல. மெஷின்ல நிக்கிறவன் சார். நாளைக்கு எவன் கையாவது போச்சுன்னா?"

தன்னைப் பற்றி அவன் சொல்லிவிடுவான் என்று பயந்துகொண்டிருந்த அதே வார்த்தைகள்.

பத்து நிமிடத்தில் கிளிஃபர்டை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பார்த்த ஆள் இருக்கட்டும் என்று பக்கிரிசாமியையும் நிற்க வைத்துவிட்டு, கார்த்திகேசு கதவைச் சாத்தினார். கிளிஃபர்டின் பையை மேசைமேல் கவிழ்த்தார். பாதி தின்ற ரொட்டி, ஒரு ஜெபமாலை, அந்த டப்பா.

"பக்கிரி கண்ணால பார்த்திருக்காரு," என்றார் கார்த்திகேசு. "போதை மாத்திரன்னா நேரா போலீஸ்தான். என்னா இது? இங்க இன்னும் எவன் எவன் இத சாப்பிடுறான்? மறைக்காம பேரச் சொல்லு."

கிளிஃபர்ட் டப்பாவைப் பார்த்தான். பிறகு பக்கிரிசாமியைப் பார்த்தான். இதோ வரப்போகிறது என்று பக்கிரிசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது வலிப்புக்கு சார். இந்த லைன்ல எனக்கு மட்டும்தான் இருக்கு."