பந்திக்கு வராதவர்

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் கோவிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே ஏசுதாசன் சொன்னார்.

“நாளைக்குப் பந்திக்கு நானும் வரேன், ஜெயா.”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெயசீலியின் கை நின்றது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; அதைத்தான் பந்தி என்பார்கள். சபையார் வரிசையாக எழுந்துபோய், பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பமும், ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சரசமும் வாங்கிக்கொள்வார்கள். மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. அதனால், எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவரைச் சபை முழுவதும் ஒரு முறை திரும்பிப் பார்க்கும்.

இரண்டு வருஷமாக ஏசுதாசன் எழுந்து போகவில்லை.

“ஒங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலியா ஜெயசீலி? முழங்கால் போட முடியலையோ?” தபீதாள் அக்கா கோவில் வாசலில் வைத்து, நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள்.

வலி முட்டியில் இல்லை என்பது ஜெயசீலிக்குத் தெரியும்.

பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு வந்தால் கைக்குட்டையைத் தேடினார். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வாங்கும் கிராம்பைக் காலையில் வாயில் போட்டுக்கொண்டுதான் கிண்டிக்கு ரயில் ஏறினார். கிராம்பு வாசனை யாருக்காக என்று அவள் யோசித்தாள். தனக்காக இல்லை. ராத்திரியில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர், தலையணை உறையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார்.

சில மாதங்களாக வியாழக்கிழமைதோறும் தாமதமாக வந்தார். கேட்டால் ஆபீசில் வேலை. அன்றைக்கு மட்டும் சாப்பாடு வேண்டாம் என்பார். எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

அவள் யார் என்று ஜெயசீலி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இப்போது பந்திக்கு வருகிறேன் என்கிறார். அப்படியானால் அது முடிந்துவிட்டது. மனம் திரும்பிவிட்டார்.

முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “நான் மன்னிச்சிட்டேங்க.”

இஸ்திரிப்பெட்டி பாதியில் நின்றது. “எதுக்கு?”

அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“சரி, மன்னிச்சது மன்னிச்சதுதான். அப்புறம் பேச்சு மாறக் கூடாது” என்று பின்னாலிருந்து சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் கேட்காத சிரிப்பு.

வெட்கமில்லாத மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் ஏசுதாசன் குழாயடியில் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். கோவிலில் முதல் மணி அடித்தபோது வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசீலியின் முன் ஒருவர் வந்து கை கூப்பினார். கிழக்குத் தாம்பரத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் பட்டாபிராமன்.

“இந்த வியாழக்கிழமைகூட வந்தாரேம்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று நினைத்து அவர் பேசிக்கொண்டே போனார்.

“முதல்ல வந்தப்போ ஈறெல்லாம் வீங்கி, தொட்டாலே ரத்தம். ரெண்டு பல்லு ஆடிச்சு. எல்லாத்தையும் புடுங்கிடுங்க சார்னார். பல்லுல ஒண்ணுமில்லை, நோய் ஈறுலதான், காப்பாத்திடலாம்னேன்.”

ஈறுக்கு அடியில் கல்லாக இறுகியிருந்த பற்காரையை வாரம் ஒரு பக்கமாகச் சுரண்டி எடுத்ததைச் சொன்னார். ஒரு பக்கம் ஈறையே திறந்து சுத்தம் செய்து தையல் போட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவரால் எதையும் மெல்ல முடியாது. அதற்கு முன்னெல்லாம் தூக்கத்தில்கூட ரத்தம் கசிந்து தலையணையில் இறங்குமாம். வாய் நாற்றத்தால் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவே கூசுகிறது என்பாராம்.

“வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்லை. கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கிண்ணத்துல வாய் வைக்கலாமா சார்? என்ன கிண்ணம்னு எனக்குப் புரியலை. அப்புறம் அவரேதான் சொன்னார். நான் வாய் வச்ச கிண்ணத்துலதான் அப்புறம் எங்க வீட்ல குடிப்பாங்க, ரத்தத்தோட எப்படி சார் குடுக்கிறதுன்னு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வியாழக்கிழமை பார்த்தேன். ஈறு நல்லா கெட்டிப்பட்டுடுச்சு, சொட்டு ரத்தம் இல்லை. தாராளமா வைங்கன்னேன். அப்படிச் சிரிச்சார்மா.”

ஜெயசீலி எழுந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் காதருகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெட்டியை மூட நேரமாகிவிட்டது என்று யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். தபீதாள் அக்கா தோளைப் பிடித்து அவளைப் பின்னால் இழுத்தாள்.

“கடைசிவரைக்கும் பந்திக்கு வராமலே போயிட்டாரே” என்று அக்கா அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

பிறகு செம்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் மனைகள் விற்பனையாகி, புதுக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பழைய கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பெஞ்சு மாறியது, மைக் வந்தது, போதகர் ஐயர்மார் பலர் வந்து போனார்கள்.

திருவிருந்தில் மட்டும் இன்றும் முதலில் ஆண்கள்தான் முழங்காலிடுகிறார்கள். அவர்கள் குடித்து முடித்ததும், அதே கிண்ணம் பெண்கள் பக்கம் வருகிறது.