திரும்பி வந்த பணம்

சாந்தா அனா நகரத்தில் தன் வீட்டில் எவெலியோ தனியாக உட்கார்ந்து பூபூசா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, மிலானிலிருந்து மகள் நோரேலியா போன் செய்தாள்.

"மூணாவது தடவையா பணம் திரும்பி வந்திருச்சுப்பா. உங்க பேங்கோட ஸ்விஃப்ட் கோடைச் சரியாப் பார்த்துச் சொல்லுங்க."

"இரும்மா, கண்ணாடியைக் காணோம்."

கண்ணாடி கிடைப்பதற்குள் பேரன் நடை பழகுவது, அங்கே பனி கொட்டுவது எல்லாம் பேசியாயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னார்.

"சரிப்பா. இது போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

வைத்த போன் உடனே மறுபடி அடித்தது. அவர் வேலை பார்த்த வங்கியிலிருந்து யடீரா.

"சார், நீங்க ரிட்டயர் ஆனதுலேர்ந்து வெளிநாட்டுக் கவுண்டர்ல முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒஸாகா பேங்க்குக்கு ஸ்விஃப்ட் கோடு என்ன சார்?"

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எவெலியோ மளமளவென்று சொன்னார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.