ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர்

“ஏய், அவர் மேலேருந்து கையை எடு! நெஞ்செலும்பு நொறுங்கிடப் போகுது!”

அச்சகத்து சூப்பர்வைசர் போட்ட சத்தத்தைத் தரை துடைக்கும் அக்கா சட்டை செய்யவே இல்லை.

கட்டிங் மெஷின்காரர் காகிதக் கட்டுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். பேச்சில்லை, மூச்சில்லை. அக்கா பக்கத்தில் மண்டியிட்டு, கை மேல் கை வைத்து, நடு நெஞ்சை வேகவேகமாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“பதினெட்டு, பத்தொன்பது... ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சுக்கா. பத்து நிமிஷமாம்!” என்றான் பைண்டர்.

“விவரம் தெரியாம விளையாடாதே,” சூப்பர்வைசர் விடவில்லை. “முதலுதவிப் பயிற்சி எடுத்தவன் நான் சொல்றேன், தள்ளு!”

“அப்ப வாங்க சார், கை மாத்துங்க. எனக்குக் கை ஓயுது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறணும்.”

சூப்பர்வைசர் ஓரடி பின்னால் போனார்.

பைண்டர்தான் வந்து மண்டியிட்டான்.

“இங்க வை தம்பி. முழங்கையை மடக்காதே. இன்னும் அழுத்தமா. எலும்பு ஒடிஞ்சா ஒட்டிக்கும், ஆள் போனா போனதுதான்.”

கிடந்தவர் திடீரென்று வாயைப் பிளந்து ஒரு விக்கல் விக்கினார்.

“அக்கா, மூச்சு விடுறாரு!”

“அது மூச்சில்லை, இதயம் நின்னாலும் இப்படி இழுக்கும். நிறுத்தாதே! அமுக்கு!”

மாற்றி மாற்றி அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடி வந்து ஷாக் கொடுத்தார்கள். ஒன்று. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு.

“துடிக்குது!”

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது நர்ஸ் திரும்பினார். “முதல்ல அமுக்கினது யாரு? அது இல்லேன்னா நாங்க வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.”

மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்த முதலாளிக்கு நம்ப முடியவில்லை. “நீயாம்மா? இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?”

அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“சார்தாங்க போன மாசப் பயிற்சிக்கு என்னை அனுப்பி வெச்சாரு. நீயும் கத்துக்கோ, உதவும்னாரு.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு!” முதலாளி அவர் தோளைத் தட்டினார்.

சூப்பர்வைசர் தலை நிமிரவில்லை. பயிற்சி நடந்த அன்றைக்கு வருகைப் பதிவில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, ஆள் எண்ணிக்கை குறையக் கூடாதே என்று தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு, அவர் மேட்ச் பார்க்கக் கிளம்பியிருந்தார்.

கிளம்பும்போது அவளிடம் சொன்னது ஒன்றுதான்: “உனக்கு ஒண்ணும் புரியாது. சும்மா உட்கார்ந்துட்டு வா.”